பார்க்காததையும் எழுது

மண்ணடியில் ஒரு டீக்கடை பெஞ்சு. காலை ஏழரை மணி. அக்கா மகன் தன் கறுப்புப் பையைத் திறந்து ஒவ்வொரு கருவியாக எடுத்து என் பக்கம் நகர்த்தினான். ரீபவுண்ட் ஹேமர், மீயொலி செலுத்திக் காங்கிரீட்டைச் சோதிக்கும் யூபிவி பெட்டி, ஈரம் பார்க்கும் மீட்டர், தெர்மல் கேமரா, லேசர் டேப், காங்கிரீட்டுக்குள் கம்பி தேடும் மீட்டர். சைட்டில் நாலு வருஷம் வேலை பார்த்துச் சேர்த்த காசு அத்தனையும் அந்தப் பைக்குள் இருந்தது. கடை, குடோன், அலுவலகக் கட்டடங்களைப் பார்த்து அறிக்கை கொடுக்கும் தொழிலைத் தனியாகத் தொடங்கப்போகிறான்.

"எல்லாம் வாங்கிட்டேன் மாமா. ஏதாவது விட்டுப்போச்சா?"

"டார்ச் எங்கடா?"

போனில் இருக்கிறது என்றான். அதற்குள் டீ வந்துவிட்டது. ஒரு டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் இரண்டாவதுக்கும் சொல்லி வைத்தேன். அவனுக்கு அன்று சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு மட்டுமல்ல, கடைக்கோ குடோனுக்கோ கட்டடம் வாங்கப்போகிறவர்களுக்கும் லீசுக்கு எடுக்கப்போகிறவர்களுக்கும் பயன்படும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். வேல்யூவர் வேறு, நாங்கள் வேறு. கட்டடம் என்ன விலை போகும் என்று சொல்வது வேல்யூவரின் வேலை. கட்டடம் இன்று என்ன நிலையில் இருக்கிறது, அடுத்த சில வருஷத்தில் எதற்குப் பெரிய செலவு வரும் என்று சொல்வது எங்கள் வேலை. பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் வக்கீல் பார்ப்பார். கூரை, தூண், மின்சாரம், லிஃப்ட், தீயணைப்பு, தண்ணீர், கழிவுநீர் எல்லாம் எங்கள் தலையில். அமெரிக்காவில் இந்த வேலைக்கென்றே ஏஎஸ்டிஎம் ஈ2018 என்று ஒரு தர வழிகாட்டி இருக்கிறது. நடந்து பார்ப்பது, ஆவணங்களைக் கேட்டு வாங்கிப் படிப்பது, கட்டடத்தோடு பழகியவர்களிடம் பேசுவது, செலவு மதிப்பீட்டோடு அறிக்கை எழுதுவது என்று வேலையை அது பகுத்துச் சொல்கிறது. எந்த ஊரில் வேலை செய்தாலும் ஒருமுறை படித்துவைக்க வேண்டிய ஒன்று.

இப்போது டார்ச். போன் வெளிச்சம் சுவருக்கு நேராக அடிக்கும். நேராக அடித்தால் எல்லாச் சுவரும் நல்ல சுவர்தான். நல்ல டார்ச்சைச் சுவரோடு சுவராகப் படுக்கவைத்து அடித்துப் பார்க்க வேண்டும். பூச்சு உப்பியிருந்தால் அந்த இடம் நிழல் விடும். பழைய விரிசலை அடைத்துப் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்திருந்தாலும் அந்தக் கோடு தெரிந்துவிடும். விற்பதற்குச் சில வாரம் முன்னால் புது பெயிண்ட் அடித்த கட்டடங்களில் எனக்குக் கைகொடுத்தது தெர்மல் கேமரா இல்லை, படுக்கவைத்த டார்ச்தான்.

டார்ச்சுக்கு அடுத்தது 200 கிராம் சுத்தியல். ரூஃபின் அடிப்பக்கத்தை, தூணின் மூலையை, பீமின் அடியைத் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல காங்கிரீட் 'டண்' என்று திருப்பிச் சொல்லும். உள்ளே கம்பி துருப்பிடித்துக் காங்கிரீட் பிரிந்திருந்தால் 'டொப்'பென்று பொள்ளல் சத்தம் வரும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அந்த அழுத்தம்தான் காங்கிரீட்டை உள்ளிருந்து உப்பவைத்து வெடிக்கவைக்கிறது. கண்ணுக்கு வெடிப்பு தெரிவதற்கு முன்பே காதுக்குத் தெரிந்துவிடும். பொள்ளல் சத்தம் வந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டம் போட்டுப் படம் எடுத்துக்கொள்.

மூன்றாவது பென்சில். ஒரு விரிசலைப் பார்த்தால் அதன் இரண்டு முனையிலும் குறுக்கே ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் தேதி எழுது. மறுமுறை வரும்போது விரிசல் கோட்டைத் தாண்டியிருந்தால் கட்டடம் இன்னும் அசைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஒரே நாளில் வயது தெரிய வேண்டுமானால் விரிசலுக்குள் டார்ச் அடித்துப் பார். உள்ளே பெயிண்டும் தூசியும் இருந்தால் பழசு. ஓரம் கூராக, உள்ளே வெளேரென்று சுத்தமாக இருந்தால் புதுசு. அகலத்தைவிட வயதும் திசையும்தான் முக்கியம். காங்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456 சாதாரணமாக 0.3 மில்லிமீட்டர் வரை விரிசலைப் பொறுத்துக்கொள்கிறது. ஆனால் தூணில் ஓடும் மெல்லிய விரிசல் ஒன்று, தடுப்புச் சுவரில் விரல் நுழையும் விரிசலைவிட ஆபத்தாக இருக்கலாம்.

இந்த மூன்றும் சேர்ந்து ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். அவன் முகம் கொஞ்சம் வாடியது. பையில் இருப்பவை வீண் இல்லை, அவை சொல்லும் எண்ணுக்கு அர்த்தம் தெரிந்த பிறகு எடு என்று சொல்லி ரீபவுண்ட் ஹேமரைக் கையில் வாங்கினேன்.

இந்தக் கருவியை இந்தத் தொழிலில் எல்லோரும் வைத்திருக்கிறார்கள். இதைப்போல் தவறாகப் படிக்கப்படும் கருவியும் வேறில்லை. ஸ்பிரிங்கோடு இணைந்த ஒரு எடை காங்கிரீட்டில் மோதித் திரும்பும். எவ்வளவு தூரம் திரும்புகிறது என்பதுதான் அந்த எண். அது அளப்பது மேல்தோலின் கடினத்தை. உள்ளே இருக்கும் பலத்தை அதிலிருந்து நாம் ஊகிக்கிறோம், அவ்வளவுதான். இதற்காக இருந்த ஐஎஸ் 13311 இரண்டாம் பகுதியே, பலத்தைக் கணிப்பதில் 25 சதவீதம் இப்படியும் அப்படியும் போகலாம் என்று ஒப்புக்கொண்டது. பழைய கட்டடத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. காற்றில் உள்ள கரியமில வாயு வருஷக்கணக்காக ஊறி காங்கிரீட்டின் மேல்தோலை இறுகவைக்கும். கார்பனேஷன் என்பது அதுதான். மேலே இறுகினால் ஹேமர் எண் ஏறும். அதே கார்பனேஷன்தான் உள்ளே போகப்போகக் கம்பியைத் துருவிலிருந்து காக்கும் காரத்தன்மையைக் கொன்றுகொண்டிருக்கும். கட்டடம் நோயில் விழ விழ, ஹேமர் அதற்கு நல்ல மார்க் போட்டுக்கொண்டே போகும்!

இதைக் கண்டுபிடிக்க விலை உயர்ந்த கருவி வேண்டாம். பினாப்தலின் கரைசல் ஒரு சின்னப் புட்டி போதும், பள்ளிக்கூட லேபில் பார்த்ததுதான். காங்கிரீட்டில் புதிதாக ஒரு சில்லு உடைத்து, தூசியை ஊதிவிட்டு, உடைந்த முகத்தில் தெளிக்க வேண்டும். காரம் உயிரோடு இருக்கும் இடம் அடர்ந்த ரோஸ் நிறமாக மாறும். கார்பனேஷன் ஆன இடம் நிறம் மாறாது. ஸ்கேல் வைத்து நிறம் மாறாத ஆழத்தை அள. பிறகு கம்பி தேடும் மீட்டரை வைத்துக் கம்பி எத்தனை மில்லிமீட்டர் உள்ளே இருக்கிறது என்று பார். தூணுக்கு 40 மில்லிமீட்டர் கவர் வேண்டும் என்கிறது விதி. கம்பி 20-லேயே இருந்து, கார்பனேஷன் 22-க்குப் போயிருந்தால் கம்பியின் காவல் போய்விட்டது. ஹேமர் எண் 40 காட்டினாலும் அந்தத் தூணுக்கு நீ எச்சரிக்கையாக மஞ்சள் கோடு போட்டுத்தான் ஆக வேண்டும்.

பலம் எவ்வளவு என்று உறுதியாகத் தெரிய வேண்டுமானால் கோர் எடுக்க வேண்டும். உருளையாக வெட்டி எடுத்து லேபில் நொறுக்கிப் பார்ப்பது. ஐஎஸ் 456 கணக்குப்படி, கோர்களின் சராசரி அந்தக் காங்கிரீட்டுக்கு உரிய கிரேடு பலத்தின் 85 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, எந்த ஒரு கோரும் 75 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. இங்கே புதியவர்கள் தடுக்கி விழும் ஒரு இடம் உண்டு. இன்றைய விதி இரும்புக் கம்பி போட்ட காங்கிரீட்டுக்குக் குறைந்தது எம்20 கிரேடு கேட்கிறது. ஆனால் 1978-ஆம் வருஷ விதி எம்15-ஐ அனுமதித்தது. 1985-இல் கட்டிய கட்டடத்தில் எம்15 கிடைத்தால் 'தரமற்றது' என்று எழுதிவிடாதே. அது கட்டிய காலத்து விதிப்படி நேர்மையாகக் கட்டிய கட்டடமாக இருக்கலாம். இன்று அதன் மேல் எவ்வளவு பாரம் ஏற்றப்போகிறார்கள் என்பதுதான் கேள்வி. அலுவலகத்துக்குக் கட்டிய மாடியில் பெயிண்ட் டப்பாவும் இரும்புச் சாமானும் அடுக்கப்போகிறார்கள் என்றால் எம்20-கூட காப்பாற்றாது.

தெர்மல் கேமராவைப் பற்றிக் கொஞ்சம்தான். அது சுவருக்குள் பார்ப்பதில்லை, மேற்பரப்பின் சூட்டை மட்டும் பார்க்கிறது. மொட்டை மாடியில் ஓதம் தேட வேண்டுமானால் நல்ல வெயில் அடித்த நாளின் சாயங்காலம் போ. காய்ந்த இடம் சீக்கிரம் ஆறிவிடும், தண்ணீர் கோத்த இடம் சூட்டைப் பிடித்துக்கொண்டு தனியே தெரியும். பகல் உச்சியில் எடுத்த படம் கலராக இருக்கும், பயன் இருக்காது. மின் போர்டில் லூஸ் கனெக்‌ஷன் தேடுவதற்கும் அது நல்ல கருவி. ஆனால் ஏசியும் மெஷினும் ஓடி லோடு இருக்கும்போது எடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எடுத்துவிட்டு 'சூடு எதுவும் இல்லை' என்று எழுதினால் அது வாடிக்கையாளரை ஏமாற்றுவது.

"இதெல்லாம் காங்கிரீட் கட்டடத்துக்கு. எதிர்ல இருக்கிறது என்னன்னு பாத்தியா?" என்று கேட்டேன். அன்று நாங்கள் ஆய்வு செய்ய வந்திருந்த கட்டடம் அது. முகப்பில் கண்ணாடியும் அலுமினியமும் இருந்தன. பக்கவாட்டுச் சந்தில் பூச்சு உதிர்ந்த இடத்தில் மெல்லிய பழைய செங்கல் தெரிந்தது. உள்ளே மெட்ராஸ் டெரஸாகத்தான் இருக்கும். தேக்கு உத்தரத்தின் மேல் சின்னச் செங்கல்லைக் குத்தவைத்துச் சுண்ணாம்புக் கலவையில் கோத்துப் போட்ட கூரை. நன்றாகப் பராமரித்தால் நூறு வருஷம் தாண்டியும் நிற்கும். அங்கே ஹேமரும் யூபிவியும் பைக்குள்ளேயே கிடக்கலாம். பார்க்க வேண்டியது உத்தரத்தின் நடுவை அல்ல, அது சுவருக்குள் நுழையும் முனையை. சுவரில் இறங்கும் மழைத்தண்ணீரைக் குடித்து மரம் மக்குவதும், கரையான் முதலில் ஏறுவதும் அங்கேதான். மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் முனையைக் குத்திப் பார்த்தால் நல்ல தேக்கு எதிர்க்கும். கெட்டுப்போனது வெண்ணெயாக உள்ளே விடும்.

இரண்டாவது டீ வந்தது. அடுத்த விஷயத்துக்கு நான் குரலைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டேன், ஏனென்றால் இது அக்காவுக்கு நான் பதில் சொல்ல வேண்டிய விஷயம்.

அந்தக் கட்டடத்து மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கொட்டகை இருக்கிறது. அதன் மேல் ஏறாதே. 'நாங்க தினம் ஏறுறோம் சார்' என்று வாட்ச்மேன் சொல்வார். ஏறாதே. வெயிலிலும் மழையிலும் கிடந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் முன்னறிவிப்புக் கொடுக்காது. விரிசல் சத்தம் கேட்கும்போது ஆள் கீழே போய்க்கொண்டிருப்பான். பழைய வெளிச்ச ஷீட்டின் மேல் பெயிண்டும் தூசியும் படிந்திருந்தால் எது ஷீட், எது பிளாஸ்டிக் என்றே தெரியாது. பக்கத்துக் கட்டடத்தின் மாடியிலிருந்து பார், ட்ரோன் விடு, கீழிருந்து டார்ச் அடித்து ஓட்டை வெளிச்சம் எண்ணு. பழுது பார்க்க ஏறியே ஆக வேண்டியவர்கள் பலகை போட்டு, பெல்ட்டை உறுதியான இடத்தில் மாட்டி ஏறுவார்கள். அது நம் வேலை இல்லை.

சம்ப், செப்டிக் டேங்க், லிஃப்ட் குழி. மூடியைத் திறக்கச் சொல்லி வெளியே நின்று டார்ச் அடித்துப் பார். தலையை உள்ளே விடாதே. காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம் இருக்கும். 19.5-க்குக் கீழே போனால் அந்த இடம் ஆளுக்கு ஆகாது, கேஸ் மீட்டர் இல்லாமல் அது தெரியவும் தெரியாது. அழுகிய முட்டை வாடை வந்தால் ஆபத்து, வாடை நின்றுவிட்டால் சரியாகிவிட்டது என்று நினைப்பார்கள். ஹைட்ரஜன் சல்பைடு அதிகமானால் மூக்கின் உணர்வையே அணைத்துவிடும். வாடை நின்றது மூக்கு செத்ததால் இருக்கலாம். ஒருவன் விழ, அவனைத் தூக்க இறங்கியவனும் விழுந்த செய்தியை நம் ஊரில் எத்தனை தடவை படித்துவிட்டோம். பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் செப்டிக் டேங்குக்குள் ஆளை இறக்கிச் சுத்தம் செய்வதை 2013-ஆம் வருஷச் சட்டம் தடை செய்தும் அந்தச் செய்தி நிற்கவில்லை. உனக்கு விவரம் வேண்டும் என்பதற்காக இன்னொருவனையும் இறங்கச் சொல்லாதே.

மெயின் போர்டை நீ திறக்காதே. கட்டடத்து எலெக்ட்ரீஷியன் திறக்கட்டும், நீ கை எட்டாத தூரத்தில் பக்கவாட்டில் நின்று பார். ஏணி சாய்க்கும்போது நாலு அடி உயரத்துக்கு ஒரு அடி தள்ளி அடிப்பாகம் இருக்க வேண்டும், கீழே ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். தனியாகக் காலி குடோனுக்குப் போகாதே. எந்தக் கட்டடத்தில் இருக்கிறாய், எத்தனை மணிக்கு வெளியே வருவாய் என்று வீட்டில் ஒருவருக்குச் சொல்லிவிட்டுப் போ.

தீப்பிடித்து அணைந்த கட்டடத்துக்குக் கூப்பிட்டால் கூடுதல் நிதானம் வேண்டும். 2017 மே 31 அன்று தி.நகர் உஸ்மான் சாலையில் துணிக்கடைக் கட்டடம் எரிந்தது பலருக்கு நினைவிருக்கும். எரிந்துகொண்டே இருந்த கட்டடத்தின் ஒரு பகுதி பிறகு இடிந்து விழுந்தது, மீதியையும் இடித்துத்தான் தள்ள வேண்டியிருந்தது. ஏறக்குறைய 600 டிகிரி சூட்டில் இரும்பு தன் பலத்தில் பாதியை இழந்துவிடும். காங்கிரீட் பல சமயம் 300 டிகிரியைத் தாண்டியதும் வெளிர் ரோஸ் நிறத்துக்கு மாறும். அந்த நிறத்தை வெளியிலிருந்தே பார்த்தால் போதும். ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர் முட்டுக் கொடுத்து அனுமதி தரும் வரை உள்ளே போகத் தேவை இல்லை.

"இப்படி எதுலயும் ஏறாம, இறங்காம இருந்தா அறிக்கையில என்ன மாமா எழுதுறது?"

நான் எதிர்பார்த்த கேள்விதான். 'பார்க்க முடியவில்லை' என்று எழுது. எந்த இடம், ஏன் முடியவில்லை, பார்க்க என்ன செய்ய வேண்டும், பார்க்காமல் வாங்கினால் என்ன ஆபத்து. நாலு வரி. அறிக்கையின் கடைசியில் பொடி எழுத்தில் இல்லை, முதல் இரண்டு பக்கத்துக்குள். அஸ்திவாரத்தை எந்த டார்ச்சும் காட்டாது. மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்ததிலிருந்து மண் பரிசோதனை அறிக்கையும் ஸ்ட்ரக்சுரல் வரைபடமும் நான் கேட்காமல் இருப்பதில்லை. தராவிட்டால் 'கேட்டோம், தரவில்லை' என்று தேதியோடு எழுதுகிறேன். லிஃப்ட் உரிமம், தீயணைப்புத் துறை உரிமம், நிறைவுச் சான்று, அனுமதி பெற்ற பிளான் எல்லாவற்றுக்கும் அதே முறை.

தொழில் நடத்துவதும் இதிலிருந்துதான் வருகிறது. வேலைக்கு முன்பே ஒரு பக்கக் கடிதம் கொடு. எதைப் பார்ப்போம், எதைப் பார்க்க மாட்டோம், எத்தனை நாள், எவ்வளவு கட்டணம், யாருக்கு அறிக்கை. கட்டணத்தைக் கட்டடத்தின் பரப்பையும் வேலையையும் வைத்துச் சொல். விற்பனை விலையில் சதவீதம் வாங்காதே, வாங்கினால் விற்பனை நடக்க வேண்டும் என்று உன் மனமே ஆசைப்படத் தொடங்கும். பாதியை முன்பணமாகவும், மீதியை அறிக்கை கொடுக்கும்போதும் வாங்கிவிடு. 'டீல் முடிஞ்சதும் தர்றேன்' என்பவருக்கு வேலை செய்யாதே. அறிக்கை பணம் கொடுத்தவருக்குச் சொந்தம். புரோக்கர் கேட்டாலும், விற்பவர் கேட்டாலும், பணம் கொடுத்தவர் எழுத்தில் சொல்லாமல் கொடுக்காதே.

ஓதம் என்று நீ எழுதினால் வாட்டர்புரூஃபிங் காண்டிராக்டர் கமிஷனோடு உன்னைத் தேடி வருவார். ஒருமுறை வாங்கினால் அதன் பிறகு பார்க்கிற கூரையெல்லாம் உனக்கு ஓதமாகத் தெரியும். பழுதைக் கண்டுபிடிக்கிறவன் பழுது பார்க்கும் வேலையை எடுக்கக் கூடாது, ஆளையும் காட்டக் கூடாது. இதில் எனக்கு விட்டுக்கொடுக்கும் எண்ணம் துளியும் இல்லை. தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு ஒன்றை முதல் வருஷமே எடுத்துக்கொள். எடுத்த படங்களை அழிக்காதே.

இன்னொன்று: வாட்ச்மேன், பிளம்பர், கூட்டுகிற அம்மா. இவர்களிடம் உட்கார்ந்து பேச நேரம் ஒதுக்கு. மழையில் எந்த மூலையில் பக்கெட் வைப்பார்கள் என்று கூட்டுகிற அம்மாவுக்குத் தெரியும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் எந்தப் படி வரை வந்தது என்று வாட்ச்மேன் சுவரில் கை வைத்துக் காட்டுவார். எந்த மீட்டரும் அதைக் காட்டாது.

எட்டரைக்கு எதிர்க் கட்டடத்துக்குள் போனோம். மேல்மாடி அலுவலகத்தில் ஃபால்ஸ் சீலிங். ஒரு பலகையைக்கூட நகர்த்த மேனேஜர் சம்மதிக்கவில்லை. மின் அறைச் சாவி ஊரில் இருக்கிறது என்றார்கள். கொட்டகை மேல் நாங்கள் ஏறவில்லை. அக்கா மகன்தான் அறிக்கை எழுதினான். இரண்டாம் பக்கத்தில் மூன்றையும் வரிசையாகப் போட்டான்.

வாங்கப்போகிறவர் எனக்குப் போன் செய்தார். பார்க்காததற்கு எதற்குக் காசு என்று கோபமாகக் கேட்டார். நியாயமான கோபம். இந்த மூன்றையும் திறந்து காட்டினால்தான் அட்வான்ஸ் என்று விற்பவரிடம் சொல்லுங்கள், மறுபடி வருவதற்குக் கட்டணம் வேண்டாம் என்றேன். பத்து நாளில் கூப்பிட்டார்கள். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே தெருப்பக்கச் சுவரில் நுழையும் நாலு உத்தரங்களில் இரண்டின் முனையில் ஸ்க்ரூடிரைவர் கைப்பிடி வரை இறங்கியது. அக்கா மகன் ஏணியிலேயே நின்று என்னைப் பார்த்தான். கீழே அதே இடத்தில் ஆறு பேர் கம்ப்யூட்டரில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். முதலில் அவர்களை அந்தப் பக்கத்திலிருந்து எழுப்பி வேறு அறைக்கு மாற்றச் சொன்னோம், அதன் பிறகுதான் படம் எடுத்தோம்.

கட்டடம் வாங்குகிறவர்களே, லீசுக்கு எடுக்கிறவர்களே, ஆய்வு அறிக்கை கைக்கு வந்ததும் எதைப் பார்க்க முடியவில்லை என்று எழுதியிருக்கும் பக்கத்தை முதலில் படியுங்கள். அப்படி ஒரு பக்கமே இல்லையென்றால் எழுதியவரைக் கூப்பிட்டு, எங்கெல்லாம் போகவில்லை என்று கேளுங்கள்.